நெஞ்சில் தங்கும் சளியை வெளியே எடுப்பது எப்படி? இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும், அந்தப் பக்கம் பாம்பன், இராமேஸ்வரம் வரைக்கும் வருடக்கணக்கில் நெஞ்சுச் சளியோடு வாழ்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிலருக்கு பீடியால் வந்த சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று தடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய். சிலருக்கு அடுப்புப் புகை. சிலருக்கு எப்போதோ வந்து குணமான காசநோய் விட்டுப்போன தழும்பு. இன்னும் சிலருக்கு மூச்சுக்குழாய் விரிந்து தொளதொளத்துப் போகும் பிராங்கியெக்டேசிஸ். நோய் எதுவானாலும் வீட்டில் நடக்கும் பாடு ஒன்றுதான்: விடிந்ததும் இருமல், கோழை வராமல் மூச்சு முட்டல். மாத்திரையும் பம்ப்பும் (வாயால் இழுக்கும் இன்ஹேலர்) எழுதித் தருகிற இடத்தில் சளியை வெளியே எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்க நேரம் இருப்பதில்லை. பிசியோதெரபி செய்கிறவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இருமி இருமி விலா வலிக்கிறது, சளி மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஏன்?

பலமாக இருமுவதால்தான். நம் மூச்சுக்குழாய்களின் உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து சளியைத் தொண்டை வரைக்கும் தள்ளிவிடும்; நாம் தெரியாமலே விழுங்கிவிடுவோம். நல்ல உடம்பில் தினமும் நடக்கிற வேலை இது. புகையும் அடிக்கடி வரும் தொற்றும் அந்த மயிர்களைக் கெடுத்துவிடுகின்றன. சளி சுரக்கும் செல்களோ பெருத்துப்போய் முன்னைவிட அதிகமாகச் சுரக்கின்றன. வரத்து கூடி, போக்கு நின்றால் சளி தேங்கித்தானே ஆகும்.

நாள்பட்ட நோயில் குழாய்ச் சுவர் வலுவிழந்திருக்கும். முழு பலத்தோடு இருமும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, அந்தக் குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. சளி உள்பக்கம் மாட்டிக்கொள்கிறது. அடுத்த இருமலில் இன்னும் இறுகுகிறது. கடைசியில் மிச்சம் களைப்பும் வீசிங்கும்தான். சளியை நகர்த்துவது அதற்குப் பின்னால் போய்ச் சேரும் காற்று. அந்தக் காற்றை உள்ளே அனுப்பிவிட்டு, குழாய் மூடாத அளவுக்கு மட்டும் வேகம் கொடுத்து வெளியே விட வேண்டும். இது ஒன்று பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபம்.

சரி, அதை எப்படிச் செய்வது?

மூன்று மூச்சுகளை மாற்றி மாற்றி விடும் முறை இது. கருவி வேண்டாம், காசு வேண்டாம். நாற்காலியிலோ திண்ணையிலோ நிமிர்ந்து உட்காருங்கள். தோளைத் தளரவிடுங்கள். ஒரு கை வயிற்றில் இருக்கட்டும்.

முதலில் அமைதியான மூச்சு. மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விடுங்கள். வயிற்றில் வைத்த கை லேசாக ஏறி இறங்க வேண்டும், தோள் ஏறக்கூடாது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, மூச்சு நிதானப்படும் வரை.

அடுத்து ஆழமான மூச்சு. மெதுவாக, முடிந்தவரை உள்ளே இழுங்கள். இரண்டு மூன்று விநாடி பிடித்து வையுங்கள். அப்புறம் தள்ளாமல், பெருமூச்சு மாதிரி தானாக வெளியே விடுங்கள். மூன்று, நான்கு தடவை போதும். அதற்கு மேல் போனால் தலை சுற்றும். அந்த இரண்டு மூன்று விநாடி நிறுத்தத்தை யாரும் விட்டுவிடாதீர்கள். அடைபட்ட இடங்களுக்குப் பக்கவழிகளில் காற்று நுழைந்து சளிக்குப் பின்னால் சேர்வது அந்த நேரத்தில்தான். மறுபடியும் அமைதியான மூச்சு.

மூன்றாவது, ஹா மூச்சு. நடுத்தரமாக மூச்சை இழுத்து, வாயை நன்றாகத் திறந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ‘ஹா’ என்று ஊதுவோமே, அந்த மாதிரி, ஆனால் நீளமாக, வயிற்றை உள்ளே இறுக்கி ஊதுங்கள். தொண்டை இறுகக்கூடாது. அடியில் உள்ள சளிக்கு இந்த நீளமான ‘ஹா’. சளி மேலே ஏறிவிட்டது என்று தோன்றினால் நன்றாக மூச்சை இழுத்து, குட்டையாக, வேகமாக ஒரு ‘ஹா’. ஒன்று அல்லது இரண்டு போதும். உடனே அமைதியான மூச்சுக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் சுருங்கி இளைக்கும்.

சளி தொண்டைக்கு வந்த பிறகு ஒரே ஒரு இருமல். துப்பிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து.

விசைப்படகில் பல வருடம் போய்விட்டுக் கரையில் ஒதுங்கிய பெரியவர் ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது, அவர் உள்ளங்கையை அவர் நெஞ்சிலேயே வைக்கச் சொன்னேன். முதல் ‘ஹா’வில் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆழமான மூச்சு ஒரு சுற்று முடிந்த பிறகு விட்ட ‘ஹா’வில் கைக்கடியில் கரகரவென்று அதிர்வு வந்தது. “அசையுதுய்யா” என்றார். நீங்களும் கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு இருந்தால் இன்னும் சளி இருக்கிறது, தொடரலாம். அடுத்தடுத்து இரண்டு சுற்றில் ‘ஹா’ உலர்ந்து, சத்தமில்லாமல் வந்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

பொதுவாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒவ்வொன்றும் 10 முதல் 20 நிமிடம். சளி அதிகமான நாட்களில் கூடுதலாக ஒரு தடவை. இராத்திரி முழுக்கத் தேங்கியது காலையில்தான் எளிதாகக் கிளம்பும், அதனால் காலைநேரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம், வாந்தி வரும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகட்டும். படுக்கப் போகும் நேரத்துக்கு மிக ஒட்டியும் வேண்டாம்.

நல்ல நாட்களில் விட்டுவிடலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. விடக்கூடாது. தேங்கின சளியில் கிருமி வளர்கிறது, கிருமி குழாயைப் புண்ணாக்குகிறது, புண்ணான குழாய் இன்னும் சளியைச் சுரக்கிறது. அந்தச் சுழலை முறிப்பது நல்ல நாளில் செய்கிற அந்தப் பத்து நிமிடம்தான்.

முதுகில் தட்டினால் சளி இறங்கும் என்கிறார்களே?

தட்டுவது தனியாகப் பெரிய பலன் தருவதில்லை. மூச்சுப் பயிற்சியோடு சேர்த்து, பலவீனமானவர்களுக்கு உதவியாகச் செய்யலாம். கையைக் குழித்து, துணிக்கு மேல், விலாப் பகுதியில் மட்டும் தட்ட வேண்டும். முதுகெலும்பு, சிறுநீரகம் இருக்கும் கீழ்முதுகு, நெஞ்செலும்பு, மார்பகம் ஆகியவற்றின் மேல் கூடாது. எலும்பு தேய்ந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சளியில் இரத்தம் வருகிறவர்கள் இவர்களைத் தட்டவே வேண்டாம். பேரன் பாசத்தோடு அப்பத்தா முதுகில் ஓங்கித் தட்டி விலா விரிசல் விட்டால், வலியில் அவர் இருமவே பயப்படுவார். சளி இரட்டிப்பாகும்.

எந்தப் பக்கம் படுப்பது?

எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேன் பார்த்து எந்தப் பகுதியில் தேங்குகிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி மேலே இருக்கும்படி படுப்பதுதான் கணக்கு. வலது பக்கக் கீழ்ப்பகுதி என்றால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து மேலே சொன்ன சுற்றைச் செய்யலாம். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியைத்தான் பிடிக்கும். அவர்களுக்கு நிமிர்ந்து உட்காருவதே போதுமானது. காலைத் தூக்கித் தலையைத் தாழ்த்திப் படுக்கும் பழைய முறை நெஞ்செரிச்சல், இதயநோய், அதிக இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. சமமாகப் படுத்தாலே போதும்.

பம்ப், நெபுலைசர், பயிற்சி. எது முதலில்?

முதலில் குழாயை விரிக்கும் மருந்து, அதாவது சால்புடமால் போன்றது. 10, 15 நிமிடம் கழித்து, டாக்டர் எழுதியிருந்தால், மருந்து நீரைப் பனிபோல ஆக்கி மூச்சில் இழுக்கத் தரும் நெபுலைசரில் உப்புக்கரைசல். அடுத்து மூச்சுப் பயிற்சி, சளியைத் துப்புதல். ஸ்டீராய்டு பம்ப்போ, நெபுலைசரில் தரும் ஆன்டிபயாடிக்கோ கடைசியில். சளி மூடின குழாயில் விலைகூடிய மருந்தை இழுத்தால் அது சளியின் மேல்தான் படியும். ஸ்டீராய்டு பம்ப்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்கவும்.

உப்புக்கரைசல் என்கிறீர்கள். நாங்கள் கடலோரம்தானே இருக்கிறோம், கடல் காற்றே போதாதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரல் முழுக்கப் பசைபோல சளி கட்டும். அந்த நோயுள்ளவர்களில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் தெம்பாக இருப்பதை ஆஸ்திரேலியாவில் கவனித்தார்கள். அங்கே 7 சதவீத உப்புக்கரைசலை நெபுலைசரில் கொடுத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. அந்த நோயாளிகளுக்குத் தீவிரத் தொற்றுகள் குறைந்தன. உப்பு தண்ணீரை இழுத்துச் சளியை இளக்குகிறது. இன்று பிராங்கியெக்டேசிஸ் உள்ளவர்களுக்கும் 3 அல்லது 7 சதவீதக் கரைசலைச் சில டாக்டர்கள் எழுதுகிறார்கள்.

ஆனால் பாம்பன் பாலத்தில் நின்று வாங்கும் காற்றில் உள்ள உப்பு அந்த அளவுக்குப் பக்கத்திலும் வராது. கரையில் நடங்கள், நடையே சளியை அசைக்கும்; அதற்கு மேல் கடல் காற்றிடம் எதிர்பார்க்காதீர்கள். கெட்டியான உப்புக்கரைசல் சிலருக்குக் குழாயைச் சுருக்கி இளைப்பை வரவழைக்கும் என்பதால் முதல் தடவை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: கடல் தண்ணீரையோ, கிணற்று உப்புத் தண்ணீரையோ, வீட்டு உப்பைக் கரைத்தோ நெபுலைசரில் ஊற்றாதீர்கள். கிருமி நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மருந்துக்கடையில் கிடைக்கும் கிருமி நீக்கிய கரைசல் மட்டும்தான். கப்பையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவையும் கழுவி, கொதித்து ஆறிய நீரில் அலசி, காற்றில் உலரவிடுங்கள்.

ஊதும் கருவி வாங்க வேண்டுமா?

அகபெல்லா, ஃப்ளட்டர் போன்ற கருவிகள் ஊதும்போது எதிரழுத்தம் கொடுத்துக் குழாயைத் திறந்து வைக்கும், அதிர்வால் சளியை உதிர்க்கும். நல்லவைதான், விலையும் இருக்கிறது. ‘ஹா’ மூச்சு கைவராதவர்களுக்கு உதவும். வீட்டிலேயே, வாய் திறந்த பாட்டிலில் சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுத்தமான தண்ணீர் ஊற்றி, விரல் பருமன் குழாயை அடிவரை விட்டு, மெதுவாகக் குமிழி வர ஊதியும் இதேபோல் செய்யலாம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள். முன்பு நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று கசிந்தவர்களும் இரத்தம் துப்புகிறவர்களும் கேட்காமல் ஊதக்கூடாது.

ஆவி பிடிப்பது, ஆடாதோடைக் கஷாயம், சிரப்?

ஆவி மூக்கடைப்புக்கு இதம். நுரையீரலின் அடிவரை போய் அது சளியைக் கரைப்பதில்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வருகிறவர்கள் உண்டு. வயதானவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம். தைலம், கற்பூர வாசனை சிலருக்கு இளைப்பைக் கிளப்பும்.

ஆடாதோடையை நான் ஏளனமாகப் பார்க்கமாட்டேன். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் உருவானது. இன்று பல சளி சிரப்புகளில் இருக்கும் அம்ப்ராக்சாலும் அதே வழி வந்தது. ஆனால் கஷாயத்தின் அளவும் வீரியமும் வீட்டுக்கு வீடு மாறும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. குடிப்பதானால் சித்த மருத்துவரிடம் கேட்டுக் குடியுங்கள், பம்ப்பை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள்.

அசிட்டைல்சிஸ்டீன், கார்போசிஸ்டீன் ஆகியவை சிஓபிடியில் சிலருக்கு நோய் முற்றும் தடவைகளைக் குறைக்கின்றன. கடையில் கேட்டு வாங்கும் இருமல் அடக்கும் சிரப் வேறு வகை. சளி நிறைய இருப்பவருக்கு இருமலை அடக்கினால் சளி உள்ளேயே நிற்கும்.

மீன், தயிர், இளநீர் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். பால் சளியைச் சுரக்க வைப்பதில்லை. எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாகத் தோன்றும், அவ்வளவுதான். ஏதாவது ஒன்று சாப்பிட்டால் உங்களுக்கு மட்டும் தொந்தரவு கூடுகிறது என்றால் அதை மட்டும் விடுங்கள். மூச்சுக்காக உழைத்தே உடம்பு உருகிப்போகும் நோய் இது. சதை குறைந்தால் இருமும் பலமும் போய்விடும். மத்தி, சூடை மாதிரி விலை குறைந்த மீன், முட்டை, பருப்பு எல்லாம் வேண்டும். வயிறு முட்ட ஒரே வேளையில் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள்.

தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது நம் பக்கத்துப் பெண்களின் வழக்கம். உடம்பு வறண்டால் சளியும் கெட்டியாகும். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

நான் பீடி தொட்டதே இல்லை. எனக்கு எப்படி சிஓபிடி?

சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேல மரத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர்கள், அதே விறகில் சமைக்கிறவர்கள், பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிறவர்கள் எல்லாரும் வருடக்கணக்கில் குடிக்கும் புகை கொஞ்சமில்லை. சிஓபிடிக்கு இது போதும். புகை தொடர்கிறவரை எந்தப் பயிற்சியும் வாளியில் பாதிதான் காலிசெய்யும். கேஸ் அடுப்பு முடிந்தவரை. முடியாத வீட்டில் அடுப்பைக் காற்றோட்டமான இடத்துக்கு, வெளியே மாற்றுங்கள். மூட்டம் பிரிக்கும்போது புகை வந்து அடிக்கும் பக்கம் நிற்காதீர்கள். பீடி குடிப்பவருக்கு ஒரே பதில், நிறுத்துங்கள். நிறுத்தின முதல் சில வாரங்கள் சளி கூடுதலாக வருவதுபோல் இருக்கும். பயந்து மறுபடி பற்றவைக்காதீர்கள்.

காசநோய் மருந்து முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டேன். இன்னும் சளி வருகிறதே?

கிருமி போனாலும் தழும்பும் விரிந்த குழாயும் இருக்கும், அதில் சளி தங்கும். ஆனால் நீங்களே அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். காய்ச்சல், எடைக்குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் புது இருமல் என்றால் சளிப் பரிசோதனை மறுபடியும் செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். முடிவு தெரியும்வரை மூடியுள்ள டப்பாவில் துப்புங்கள். மணலிலும் கடலோரத்திலும் வேண்டாம்.

சளியை விழுங்கிவிட்டால்?

வயிறு பார்த்துக்கொள்ளும். ஆனால் துப்பினால்தான் நிறம் தெரியும்.

எந்த நிறத்துக்குப் பயப்பட வேண்டும்?

உங்கள் வழக்கமான நிறம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிராங்கியெக்டேசிஸ் உள்ள சிலருக்கு நல்ல நாளிலும் மஞ்சளாகத்தான் இருக்கும். வழக்கத்தைவிட அதிகம், கெட்டி, பச்சை, கூடவே மூச்சிரைப்பு என்று இரண்டு நாள் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சளியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்று பிறகு தெரியும். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

சளியில் இரத்தக் கோடு தெரிந்தால் தட்டுதல், ஊதுதல் எல்லாவற்றையும் நிறுத்தி அன்றே டாக்டரிடம் போங்கள். இரத்தமாகவே வந்தால், உதடு நீலமானால், பேச்சு குழறித் தூக்கக்கலக்கமாக இருந்தால், ஒரு பக்க நெஞ்சில் திடீரென்று குத்தி மூச்சு முட்டினால், 108-ஐக் கூப்பிடுங்கள். நேரம் பார்க்காதீர்கள்.

வாப்பா நோன்பு பிடிக்கிறார். பயிற்சியை எப்படி வைத்துக்கொள்வது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் எல்லா ரமலானிலும் வரும் கேள்வி. சஹருக்கு எழுந்ததும், சாப்பிடும் முன் ஒரு சுற்று. இஃப்தாருக்கு முன் மாலையில் ஒன்று. தண்ணீரை இரவு நேரத்தில் பிரித்துப் பிரித்துக் குடிக்கட்டும். பம்ப் நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றலாம், தானாக நிறுத்தக்கூடாது. இளைப்பு வந்தால் உடனே நிவாரண பம்ப்பை எடுக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் சலுகையை ஆலிமிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகலாமா? சங்கு குளிக்க?

நோய் கட்டுக்குள் இருந்தால், டாக்டர் சம்மதித்தால், படகில் போகலாம். பம்ப்பைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்துக் கையோடு கொண்டுபோங்கள். எஞ்சின் புகை அடிக்கும் பக்கம் உட்காராதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் உடம்பு அசையாமல் உட்கார்ந்துவிட்டால் சளி தேங்கும், தினமும் நடங்கள்.

முங்குவது வேறு விஷயம். கம்ப்ரசர் காற்றை இழுத்தபடி 10 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். நல்ல நுரையீரலில் அது மூச்சோடு வெளியேறும். சளி அடைத்த குழாய்க்குப் பின்னால் மாட்டின காற்று வெளியேற வழியில்லாமல் நுரையீரலைக் கிழித்துவிடும். சிஓபிடியோ பிராங்கியெக்டேசிஸோ இருப்பவர் சங்கு குளிக்கப் போகவே கூடாது. பிழைப்பு போகிறதே என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இதில் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

இதை நேரில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். நெஞ்சுநோய்ப் பிரிவு டாக்டரைப் பார்க்கும்போதே ‘பிசியோதெரபிக்கு எழுதித் தாருங்கள்’ என்று சொல்லுங்கள். கேட்காமல் இருந்தால் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். சிக்கலான நோய்க்கு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நடமாட முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் கிராமச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுங்கள். போகும்போது பழைய எக்ஸ்ரே, பம்ப், காலையில் துப்பின சளி ஒரு டப்பாவில், வீட்டில் உதவி செய்யும் மகளோ மருமகளோ ஒருவர், எல்லாமும் கூட வரட்டும். ‘ஹா’ மூச்சை அவரும் அங்கேயே ஒரு தடவை செய்துபார்த்துவிட்டு வருவது நல்லது.